கடல் பலகையா, கடைப் பலகையா?

மீஞ்சூரில் வீடு கட்டுகிறவர்களுக்கும், வீட்டில் அலமாரி போடுகிறவர்களுக்கும் இப்போது ஒரு சொல் நன்றாகப் பழக்கம் ஆகிவிட்டது. "மரைன்" என்பதுதான் அந்தச் சொல்.

"மரைன் பிளைவுட் போடுங்கள். தண்ணீரில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். ஆசாரியும் தலையை ஆட்டுகிறார். வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டுகிறார். பலகை வண்டியில் வந்து இறங்குகிறது.

அது உண்மையிலேயே மரைன் பலகைதானா?

இதை யாரும் கேட்பது இல்லை. கேட்டாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரணப் பலகையும் மரைன் பலகையும் மேலே ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் முழுவதும் உள்ளே இருக்கிறது. அதற்குத்தான் கூடுதல் விலை. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் கொடுக்கும் விலை அது. ஏமாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் வேறு என்ன வேண்டும்?

கணக்குப் பார்த்தால் இது சின்னப் பணம் அல்ல. ஒரு பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். அதாவது 32 சதுர அடி. ஒரு நடுத்தர வீட்டின் அலமாரிகளுக்கு 10 பலகை பிடிக்கும் என்று வைத்துக் கொள்ளலாம். மொத்தம் 320 சதுர அடி. சதுர அடிக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் 12,800 ரூபாய் ஆகிறது. மரைன் என்ற பேரைச் சொல்லிச் சாதாரணப் பலகையைத் தள்ளிவிட்டால், அந்த 12,800 ரூபாயும் தண்ணீரில் போட்ட பணம்தான்.

மீஞ்சூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கதைப் பேச்சு அல்ல. 2015 டிசம்பர் வெள்ளம் இன்னும் நினைவில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வடசென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு எத்தனையோ வீடுகளில் அலமாரிக் கதவுகள் மூட முடியாமல் உப்பி நின்றன. கட்டிலின் அடிப்பலகை அப்பளம் போல அடுக்கு அடுக்காக விட்டுப் போயிற்று.

வெள்ளம் இல்லாத நாளிலும் நிம்மதி இல்லை. கிழக்கே காட்டுப்பள்ளியில் கடல். காற்றிலே உப்பு. நிலத்தடி நீரிலே கடல் நீர் ஏறுகிறது என்று இந்தப் பகுதியைப் பற்றி 1960-களில் இருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் "தண்ணீர் தாங்கும் பலகை" என்றால் ஜனங்கள் ஆசைப்படுவது இயற்கை.

தீக்குச்சி சொல்லும் பாடம்

பிளைவுட் என்பது ஒட்டுப் பலகை. மெல்லிய மர ஏடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பசை போட்டு, சூடாக்கி, அழுத்தி ஒட்டுகிறார்கள்.

மர ஏடு எப்படிக் கிடைக்கிறது? மீஞ்சூரில் இருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் விம்கோ நகர் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். திருவொற்றியூரில் பேரும் புகழுமாக விளங்கிய விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. தீக்குச்சி செய்வதற்கு மரக்கட்டையை வாளால் அறுப்பது இல்லை. கட்டையை இயந்திரத்தில் மாட்டிச் சுழல விடுவார்கள். நீண்ட கத்தி அதன் மேல் அழுந்தி நிற்கும். சுருட்டிய பாயைப் பிரிப்பது போல மரம் மெல்லிய ஏடாக உரிந்து வரும். அந்த ஏட்டைக் குச்சி குச்சியாக நறுக்கினால் தீக்குச்சி. பலகை அளவுக்கு வெட்டி அடுக்கி ஒட்டினால் பிளைவுட். இரண்டும் ஒரே வித்தைதான்.

அடுக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் ஏட்டின் நார் நீளவாட்டில் ஓடினால், அடுத்த ஏட்டின் நார் குறுக்குவாட்டில் ஓட வேண்டும். மரம் ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் உப்பும். நாரின் நீளத்தில் அவ்வளவாக உப்பாது. ஆகவே ஒரு ஏடு உப்பப் பார்க்கும்போது, அடுத்த ஏடு அதைப் பிடித்து நிறுத்துகிறது. பொதுவாக 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில்தான் ஏடுகள் இருக்கும். அப்போதுதான் மேல் முகமும் அடி முகமும் ஒரே வாட்டத்தில் அமைந்து பலகை வளையாமல் இருக்கும்.

ஆனால் இந்தப் பிடிமானம் எல்லாம் பசை இருக்கும் வரைதான். பசை விட்டால் பலகை இல்லை. வெறும் ஏட்டுக் கட்டுதான்.

பசைதான் உயிர்

கடையில் மூன்று ரகப் பலகைகள் கிடைக்கும்.

முதல் ரகத்தை எம்.ஆர். என்பார்கள். கடைக்காரர் பாஷையில் "கமர்ஷியல்". ஈரம் தாங்கும் என்பது எம்.ஆர். என்பதன் பொருள். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஈரம் தாங்குவது வேறு. தண்ணீர் தாங்குவது வேறு. மழைக் காலத்துக் காற்றின் ஈரத்தை இந்தப் பலகை தாங்கும். ஈரத் துணியால் துடைத்தாலும் தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்காது. இதில் சேர்ப்பது யூரியா கலந்த பசை. விலை மலிவு.

இரண்டாவது ரகம் பி.டபிள்யூ.ஆர். கொதிநீரை ஓரளவு எதிர்த்து நிற்கும் பலகை. மூன்றாவதுதான் மரைன். இதில் பீனால் பசை சேர்க்கிறார்கள்.

பீனால் பசை என்றால் என்னவோ ஏதோ என்று மலைக்க வேண்டாம். பழைய வீடுகளில் கறுப்பு நிறத்தில் மின்சார சுவிட்சு இருக்கும். பேக்கலைட் சுவிட்சு என்பார்கள். 1907-ல் லியோ பேக்லண்ட் என்ற ரசாயன நிபுணர் அமெரிக்காவில் கண்டுபிடித்த பொருள் அது. ஒரு தடவை சூட்டில் இறுகிவிட்டால் பிறகு உருகாது, கரையாது. பீனால் பசையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பலகைத் தொழிலில் தண்ணீருக்கு முழுக்கத் தாங்கும் பசையை 1934-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் நெவின் என்ற நிபுணர் உருவாக்கினார். அதற்கு முன்பு ஒட்டுப் பலகை என்றாலே நனைந்தால் விட்டுப் போகும் என்று ஜனங்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

மூன்று ரகங்களுக்கும் வைக்கும் பரீட்சையைப் பார்த்தாலே தரம் புரிந்துவிடும். எம்.ஆர். பலகையை 60 டிகிரி சூட்டு நீரில் 3 மணி நேரம் போட்டு எடுத்து உலர்த்துகிறார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்து பார்க்கிறார்கள். பி.டபிள்யூ.ஆர். பலகையைக் கொதிக்கும் நீரில் 8 மணி நேரக் கணக்கில் வேக வைக்கிறார்கள். மரைன் பலகையை 72 மணி நேரம் வேக வைக்கிறார்கள். மூன்று பகல், மூன்று இரவு! அதற்குப் பிறகும் கத்தியை நுழைத்து நெம்பினால் ஏடுகள் சுலபத்தில் பிரியக் கூடாது. அதுதான் தேர்வு.

பசை நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒட்டுகிறவர் ஒழுங்காக ஒட்ட வேண்டும். இரண்டாவது உலகப் போரில் பிரிட்டிஷார் "மஸ்கிட்டோ" என்ற விமானத்தை மரத்தாலும் ஒட்டுப் பலகையாலும் கட்டினார்கள். மஸ்கிட்டோ என்றால் கொசு. முதலில் பாலில் இருந்து எடுக்கும் கேசின் பசையைப் போட்டார்கள். பிறகு ரசாயனப் பசைக்கு மாறினார்கள். 1944-ல் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் வந்த சில கொசு விமானங்கள் முறிந்து விழுந்தன. இந்த நாட்டு வெயிலும் மழையும் பசையைக் கெடுத்துவிட்டன என்று முதலில் பழி போட்டார்கள். பின்னால் நன்றாக ஆராய்ந்தவர்கள், தொழிற்சாலையிலேயே வேலை சரியாக நடக்கவில்லை என்று கண்டார்கள். பாவம், நம் ஊர் மழை மேல் வீண் பழி!

மரமும் மருந்தும்

பசைக்கு அடுத்தது மரம். தண்ணீரில் பசை பிழைத்துக் கொண்டாலும் மரம் மட்கிப் போகலாம். பூஞ்சை பிடிக்கலாம். கரையான் அரிக்கலாம்.

ஆகவே இந்திய தர அளவின்படி மரைன் பலகைக்கு மருந்து ஏற்ற வேண்டும். செம்பு, குரோமியம், இவற்றோடு போரான் அல்லது ஆர்செனிக் கலந்த உப்புகளை மரத்துக்குள் இறங்கும்படி செலுத்துகிறார்கள். மேலே வார்னீஷ் பூசுவது போன்ற வேலை அல்ல இது. மருந்து மரத்தின் உடம்போடு சேர்ந்து நிற்க வேண்டும். தண்ணீரில் கழுவிக் கொண்டு போய்விடக் கூடாது.

உள் ஏடுகளில் சந்து இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஆசாரிகள் இதை "கோர் கேப்" என்பார்கள். மலிவுப் பலகையில் துண்டு ஏடுகளைச் செருகி இருப்பார்கள். நடுவில் வெற்றிடம் இருக்கும். மேல் ஏடு அதை மூடி மறைத்துவிடும். ஆணி அடித்தால் அந்த இடத்தில் பிடிக்காது. தண்ணீர் புகுந்தால் அங்கேதான் தங்கும். மரம் மட்கத் தொடங்குவதும் அங்கேதான்.

வெளிநாட்டுப் பலகை என்றால் கண்ணை மூடிக் கொண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. மரைன் என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருவது இல்லை. அமெரிக்காவில் மரைன் பலகைக்கும் வெளிப்புறப் பலகைக்கும் பசை ஒன்றுதான். உள்ளே சந்து இல்லாமல் இருப்பதுதான் அங்கே மரைன் பலகையின் சிறப்பு. மருந்து ஏற்றி இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கரையான் நிறைந்த நம் நாட்டில் மருந்து இல்லாத பலகை எத்தனை நாள் தாங்கும்?

கடலில் இறக்கியவர்கள்

மரைன் பலகையைப் பேருக்கு ஏற்றபடி கடலிலேயே இறக்கிப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. குமரி மாவட்டத்து முட்டம் கிராமம் அதற்குப் பெயர் போனது.

கட்டுமரத்துக்கு ஏற்ற பெருமரங்கள் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக் கொண்டே போன காலம். 1980-களின் தொடக்கத்தில் அங்கே மரைன் ஒட்டுப் பலகையால் படகு கட்டத் தொடங்கினார்கள். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதில் முன் நின்றது. கிஃபோர்ட் என்ற ஆங்கிலப் படகு நிபுணரின் முறையைப் பின்பற்றினார்கள். பலகைகளை அளவாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்தார்கள். பிறகு தையலின் மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்து ரெசின் பூசி இறுக்கினார்கள். தைத்த படகு தென் கோடிக் கரைகளில் பரவியது.

அந்தப் படகில் ஏறிப் போகும் மீனவருக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது விரல் தடிமன்கூட இல்லாத பலகைதான். அந்தப் பலகை பொய்ப் பலகையாக இருந்தால் என்ன ஆகும்?

எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு கரைகளில் இன்று ஓடுகிறவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். "ஃபைபர் படகுக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஃபைபர் படகில் எஞ்சினை மாட்டும் பின்சுவர் இருக்கிறதே, அதன் உள்ளே வழக்கமாக ஒட்டுப் பலகையை வைத்துத்தான் மேலே ஃபைபர் பூசுகிறார்கள். எஞ்சினின் பாரமும் உதறலும் முழுக்க அந்த இடத்தில்தான் விழுகிறது. எஞ்சினை முடுக்கப் போடும் போல்ட்டுத் துளை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே கசியும். உள்ளே இருப்பது சாதாரணப் பலகையானால், ஃபைபருக்குள்ளேயே ஊறி மட்கிப் போகும். வெளியே பளபளப்பு குறையாது. கரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நடுக்கடலில் எஞ்சின் ஆட்டம் காணும்போதுதான் தெரியும்.

வீட்டு அலமாரியில் ஏமாந்தால் பணம் போகும். படகில் ஏமாந்தால் உயிருக்கே ஆபத்து. மீனவருக்குப் பொய்ப் பலகையை விற்பவர் செய்வது சாதாரண வியாபாரத் தந்திரம் அல்ல. அதைக் கொடும் பாவம் என்றே சொல்ல வேண்டும்.

கண் ஏமாறும் இடங்கள்

"நிறத்தைப் பாருங்கள்" என்று சிலர் சொல்வார்கள். பீனால் பசை கரும் பழுப்பாக இருக்கும். பலகையின் ஓரத்தைப் பார்த்தால் ஏடுகளுக்கு நடுவே கறுத்த கோடு தெரியும். யூரியா பசை வெளிறி இருக்கும். இது உண்மைதான். ஆனால் யூரியா பசையில் சாயத்தைக் கலந்து கறுப்பாக்கத் தெரியாதா? அப்படியும் செய்கிறார்கள்.

"மேலே சிவப்பாக இருக்கிறது, இது பர்மா கர்ஜன்" என்பார்கள். கர்ஜன் நல்ல மரம்தான். ஆனால் மியான்மர் அரசு 2014-ல் மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதன் பிறகு வேறு மர ஏட்டுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது சர்வ சாதாரணம். தவிர, மேல் ஏட்டின் நிறம் உள்ளே இருக்கும் பசையைப் பற்றி எதையும் சொல்லாது.

"கனமாக இருக்கிறது பாருங்கள்" என்பார்கள். கனம் மரத்தைப் பொறுத்தது. ஈரம் காயாத பலகையும் கனமாகத்தான் இருக்கும்.

"வாட்டர் புரூப்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு இருக்கும். அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. பலகை எந்த ரகம் என்பதை அது சொல்வது இல்லை. "ஆயுள் காலக் கியாரண்டி" என்ற சீட்டும் உண்டு. யாருடைய ஆயுள் காலம் என்று கேட்டால் பதில் வராது!

இவை எல்லாவற்றையும்விட மோசமானது எண்ணை வைத்து ஏமாற்றுவது. 710 என்ற எண்ணைப் பலகையில் அச்சடித்து விடுவார்கள். அல்லது "710-ன்படி செய்தது" என்று போடுவார்கள். பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. என்று இருக்கும். ஐ.எஸ்.ஓ. வேறு, ஐ.எஸ்.ஐ. வேறு. ஐ.எஸ்.ஓ. சான்று தொழிற்சாலையின் நிர்வாக ஒழுங்கைப் பற்றியது. கையில் இருக்கும் பலகை மூன்று நாள் கொதிநீரில் தாங்குமா என்பதற்கு அது சாட்சி அல்ல. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள்.

முத்திரையைப் படிப்பது எப்படி?

இந்திய தர நிர்ணய நிறுவனம் 1947-ல் ஐ.எஸ்.ஐ. என்ற பெயரில் தொடங்கியது. 1987-ல் பி.ஐ.எஸ். என்று பெயர் மாறியது. முத்திரை மட்டும் பழைய ஐ.எஸ்.ஐ. முத்திரையாகவே இருக்கிறது.

முத்திரையின் தலையில் ஓர் எண் இருக்க வேண்டும். மரைன் பலகைக்கு ஐ.எஸ். 710. எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். ஆகிய பொதுப் பலகைகளுக்கு ஐ.எஸ். 303. தலையில் 303 என்று இருந்தால், கடைக்காரர் சத்தியமே செய்தாலும் அது மரைன் பலகை அல்ல. 

முத்திரையின் காலடியில் சி.எம்./எல். என்று தொடங்கும் இன்னோர் எண் இருக்க வேண்டும். அது தொழிற்சாலைக்குக் கொடுத்த உரிம எண். இதுதான் முக்கியம். தலை எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விடலாம். உரிம எண்ணைச் சரி பார்த்துவிடலாம். "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியைச் செல்போனில் இறக்கி, உரிம எண்ணைத் தட்டினால், எந்தத் தொழிற்சாலை, எந்தப் பொருளுக்கு உரிமம், உரிமம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்ற விவரம் வந்துவிடும். பலகையில் உள்ள பெயரும் செல்போனில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும். கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட அழைத்துப் போவது நல்லது.

ஒட்டுப் பலகைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயம் ஆக்கும் மத்திய அரசு உத்தரவு 2025-ல் நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் உத்தரவு போட்ட மறுநாளே பழைய சரக்கு எல்லாம் மாயமாகிவிடாது. முத்திரை கட்டாயம் என்றால் பொய் முத்திரைக்கும் கிராக்கி கூடும். அதிகாரிகள் தொழிற்சாலைகளோடு நிற்காமல், ரெட்டேரி, பொன்னேரி, மீஞ்சூர் என்று கடை கடையாக வந்து பார்த்தால்தான் உத்தரவுக்குப் பலன் உண்டு.

ஒரு துண்டும் ஒரு பானையும்

வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது.

பலகையில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை அறுத்து எடுக்க வேண்டும். சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, துண்டு மூழ்கும்படி வைத்து, வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டிக் கொதிக்க விட வேண்டும். வற்ற வற்றத் தண்ணீர் ஊற்ற வேண்டும். யூரியா பசை கொதிநீரில் தாங்காது. சில மணி நேரத்தில் ஓரம் வாய் பிளக்கும். ஏடுகள் கையோடு வரும். அப்படி வந்தால் வந்தது சாதாரணப் பலகை என்பதில் சந்தேகம் இல்லை.

8 மணி நேரம் கொதித்தும் பிரியாமல் இருந்தால் பசை பரவாயில்லை என்று பொருள். அதனாலேயே மரைன் என்று முடிவு கட்டக் கூடாது. பி.டபிள்யூ.ஆர். பலகையும் அவ்வளவு தாங்கும். மருந்து ஏற்றி இருக்கிறார்களா என்பது பானையில் தெரியாது. அது பரிசோதனைக் கூடத்து வேலை. இந்தச் சோதனை பொய்யைப் பிடிக்க உதவும். மெய்யை நிரூபிக்க உதவாது.

அந்தப் பாத்திரத்தை மறுபடி வீட்டுக்குள் எடுத்து வரக் கூடாது.

எங்கே எது போதும்?

எல்லா இடத்துக்கும் மரைன் வேண்டும் என்பது கடைக்காரர் கட்டிவிட்ட எண்ணம். கூடத்தில் புத்தக அலமாரி, படுக்கை அறையில் துணி அலமாரி, சாமி மாடம் - இவற்றுக்கு நல்ல எம்.ஆர். பலகை தாராளமாகப் போதும். சமையல் அறைக்கும், வெளிச் சுவரை ஒட்டிய அலமாரிக்கும், குளியல் அறைக்குப் பக்கத்தில் வரும் வேலைக்கும் பி.டபிள்யூ.ஆர். போதும். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே வரும் பெட்டிக்கு வேண்டுமானால் மரைன் போடலாம். ஓயாமல் நனையும் இடத்துக்கும் படகுக்கும்தான் மரைன் அவசியம்.

வெள்ளம் புகும் தெருவில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். அலமாரியின் அடித்தட்டை ஏன் பலகையால் போட வேண்டும்? தரையில் இருந்து ஒன்றரை அடி, இரண்டு அடி வரை கடப்பைக் கல்லால் கட்டி, அதற்கு மேல் பலகை வைத்தால் தண்ணீர் வந்தாலும் கல்லுக்கு என்ன நஷ்டம்? பழைய சமையல் அறைகளில் பெரியவர்கள் அப்படித்தான் செய்து வைத்தார்கள். மைக்கா ஒட்டிய பளபளப்பு வந்த பிறகு கல் மறந்து போயிற்று.

எந்த ரகமாக இருந்தாலும் அறுத்த ஓரத்தை மூட வேண்டும். தண்ணீர் பலகையின் முகத்தின் வழியாக அவ்வளவாக நுழைவது இல்லை. ஓரத்தின் வழியாகவே நுழைகிறது. பெயிண்டோ, வார்னீஷோ, ஓரப் பட்டையோ போடாமல் விட்டால் மரைன் பலகையும் நாளடைவில் கெடும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் சாதாரண இரும்புத் திருகாணி துருப் பிடித்து, பலகைக்கு முன்னால் அது போய்விடும். எவர்சில்வர் திருகாணியோ, பித்தளைத் திருகாணியோ போடச் சொல்ல வேண்டும். ஆயிரக் கணக்கில் பலகைக்குச் செலவழித்துவிட்டுத் திருகாணியில் மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனம்?

பில்லில் எழுதச் சொல்லுங்கள்

பலகை வாங்கும்போது பில் வாங்க வேண்டும். பில்லில் வெறுமனே "பிளைவுட் 10" என்று எழுதினால் ஒப்புக் கொள்ளக் கூடாது. எந்த நிறுவனம், எத்தனை மில்லிமீட்டர், ஐ.எஸ். 303-ல் எந்த ரகம் அல்லது ஐ.எஸ். 710 என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். யோக்கியமான கடைக்காரர் மறுக்க மாட்டார். "அதெல்லாம் எழுதுவது இல்லை" என்கிறவர் கடையை விட்டு இறங்கிவிடலாம். பில் இல்லாமல் வாங்கினால் ஐந்நூறோ ஆயிரமோ குறையும் என்று ஆசை காட்டுவார்கள். நாளைக்குப் பலகை பிரிந்தால் கேட்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்கு வந்து இறங்கிய பலகையை அறுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாக முத்திரையைப் பார்த்து, செல்போனில் படம் எடுத்து வைத்துக் கொள்வதும் நல்லது. கடையில் காட்டியது ஒன்று, வண்டியில் ஏற்றியது ஒன்று என்ற கதையும் நடப்பது உண்டு. அறுத்து மைக்கா ஒட்டிவிட்டால் முத்திரை மறைந்து போகும்.

ஏமாற்றம் நடந்துவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பொய் முத்திரையைப் பற்றி பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே வழக்குப் போட வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பில்லும், முத்திரைப் படமும், பிரிந்த பலகையும் இருந்தால் தாமே போய்ச் சொல்லலாம்.

அடுப்பில் வைக்காதீர்கள்

வேலை முடிந்த பிறகு துண்டுப் பலகைகள் மிஞ்சும். "விறகுக்கு ஆகும்" என்று பெண்கள் எடுத்து வைப்பது வழக்கம். வெந்நீர் போடவும், பொங்கலுக்கு அடுப்பு மூட்டவும் எடுப்பார்கள்.

உண்மையான மரைன் பலகைத் துண்டை ஒரு நாளும் எரிக்கக் கூடாது. அதில் ஏற்றிய மருந்தில் ஆர்செனிக்கும் குரோமியமும் இருக்கலாம். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு வரும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கவோ, கீரைப் பாத்திக்குப் போடவோ எடுத்துவிட்டால் இன்னும் மோசம். அந்தத் துண்டில் கறிகாய் நறுக்கும் பலகை செய்வதும், கோழிக்குத் தீவனத் தட்டு செய்வதும் கூடாது. அறுக்கும்போது ஆசாரி மூக்கில் துணி கட்டிக் கொள்ள வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. தூளைக் கூட்டி அள்ளி, துண்டுகளோடு சாக்கில் கட்டி, இன்னது என்று சொல்லிக் குப்பை வண்டிக்காரரிடம் தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.